இடம் மாறிய டிஎன்ஏ: புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு

புற்றுநோய்ச் செல் வெளியிலிருந்து உடலுக்குள் நுழைவதில்லை. நம் உடம்பிலேயே பிறந்து, நம் மரபணுக்களையே சுமந்துகொண்டு, கட்டுப்பாட்டை இழந்து பெருகும் செல் அது. கிருமிகளை எதிர்க்கப் பழகிய நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த உள்ளூர்ப் பகையை எப்படி அடையாளம் காண்கிறது என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1891இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி தம் நோயாளிகளின் கட்டிகளில் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் கரைந்தது என்பதை அவர் காலத்து அறிவியலால் விளக்க முடியவில்லை.

பின்னாளில் கேள்வியின் ஒரு பாதிக்கு விடை கிடைத்தது. புற்றுநோய்ச் செல்லின் மரபணுக்களில் நேரும் பிழைகளால் அதன் புரதங்கள் சில உருமாறுகின்றன. அப்படி மாறிய துணுக்குகளை எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களால் இனங்காண முடியும். ஆனால் டி செல் தானாகப் போருக்குக் கிளம்புவதில்லை. டென்ட்ரிட்டிக் செல் என்னும் இன்னொரு வகைச் செல் அந்தத் துணுக்கை எடுத்துக் காட்ட வேண்டும். காட்டும்போது ஆபத்து இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிருமித் தொற்றில் அந்த ஆபத்துச் செய்தி கிருமியிடமிருந்தே கிடைத்துவிடுகிறது. கிருமியே இல்லாத கட்டியில் அதைத் தருவது எது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் கஜெவ்ஸ்கியின் குழு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தபோது இந்தக் கேள்வி கூர்மையடைந்தது. சில நோயாளிகளின் கட்டிகளுக்குள் டி செல்கள் நிறைந்திருந்தன. வேறு சிலரிடம் அவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டி செல்கள் நிறைந்த கட்டிகளில், வைரஸ் தாக்கும்போது சுரக்கும் முதல் வகை இன்டர்ஃபெரானின் தடயமும் இருந்தது. வைரஸ் இல்லாத இடத்தில் வைரஸுக்கான எதிர்வினை நடந்திருந்தது. அதைத் தூண்டியவற்றுள் முதன்மையானது புற்றுநோயின் சொந்த டிஎன்ஏ என்பதே கடந்த பதினைந்து ஆண்டுகளின் ஆய்வுகள் தந்திருக்கும் விடை.

அந்த விடையின் உட்பொருளைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். செல்லுக்குள் டிஎன்ஏவை உணரும் அமைப்பு, அந்த டிஎன்ஏ யாருடையது என்று பார்ப்பதில்லை. எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறது. புற்றுநோய் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். இந்த அமைப்பு சில குழந்தைகளின் உடலையே தாக்குவதும், இதை மருந்தாக்கும் முயற்சிகள் சறுக்குவதும்கூட இதே குணத்தால்தான்.

இடமே அடையாளம்

மனிதச் செல் ஒன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டிஎன்ஏ இருக்கிறது. அது உட்கருவுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சிறிதளவு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் வெளியே, சைட்டோபிளாசத்தில், நலமான செல்லில் டிஎன்ஏ தங்குவதில்லை. அடுப்பில் எரிகிற வரைக்கும் நெருப்பு சமைக்கிறது. அதே நெருப்பு கூரையில் தெரிந்தால் ஊரே ஓடிவருகிறது. சைட்டோபிளாசத்தில் தென்படும் டிஎன்ஏவைச் செல் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. வைரஸ் நுழைந்திருக்கலாம், பாக்டீரியா நுழைந்திருக்கலாம், தன் உட்கருவே கிழிந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது ஆபத்துதான்.

நியூக்ளிக் அமிலங்கள் எதிர்ப்பைத் தூண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் 1957இல் ழான் லிண்டன்மானுடன் சேர்ந்து இன்டர்ஃபெரானைக் கண்டறிந்த அலிக் ஐசக்ஸ், அது சுரப்பதற்குக் காரணம் அந்நிய நியூக்ளிக் அமிலமாக இருக்கலாம் என்று 1963இலேயே முன்வைத்தார். உணர்வது எந்த மூலக்கூறு என்பதை அறியும் கருவிகள் அன்று இல்லை. 2000இல் ஜப்பானின் ஷிசுவோ அகிராவின் குழு டிஎல்ஆர்9 என்ற ஏற்பியை அடையாளம் கண்டது. ஆனால் அது செல் விழுங்கிய பைகளுக்குள் இருக்கும் டிஎன்ஏவை மட்டுமே உணர்வது. சைட்டோபிளாசத்தில் கிடக்கும் டிஎன்ஏவை உணர வேறோர் அமைப்பு இருக்கிறது என்பது 2006இல் உறுதிப்பட்டது. 2008இல் மயாமியில் ஹிரோகி இஷிகாவாவும் கிளென் பார்பரும் ‘ஸ்டிங்’ என்ற புரதத்தைக் கண்டறிந்து, அந்தப் பாதையின் நடுக் கண்ணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். வேறு சில ஆய்வுக் குழுக்களும் அதே புரதத்தைத் தனித்தனியே வந்தடைந்திருந்தன. ஆயினும் டிஎன்ஏவை முதலில் தொடுவது எது, அது ஸ்டிங்குக்கு எப்படிச் செய்தி சொல்கிறது என்பவை புதிராகவே நின்றன.

டாலஸில் சூடாக்கப்பட்ட சாறு

புதிரை அவிழ்த்தவர் டெக்சஸ் மாநிலம் டாலஸில் உள்ள சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தின் ஷிஜியன் ஜேம்ஸ் சென். அவருடைய குழுவின் சோதனை எளிமையும் நுட்பமும் கலந்தது.

எலிச் செல்களுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தினார்கள். பிறகு அந்தச் செல்களை உடைத்துச் சாறெடுத்து, எஞ்சிய டிஎன்ஏவை நொதியால் சிதைத்தார்கள். அந்தச் சாற்றை 95 டிகிரி செல்சியஸில் சூடாக்கினார்கள். அந்த வெப்பத்தில் பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்து படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை எடுத்து, டிஎன்ஏ செலுத்தப்படாத வேறு செல்களுக்குள் விட்டார்கள். அங்கே இன்டர்ஃபெரான் பாதை இயங்கத் தொடங்கியது. டிஎன்ஏ இல்லை, புரதமும் இல்லை; ஆனாலும் செய்தி கடந்து போயிருக்கிறது. அப்படியானால் செய்தியைச் சுமப்பது வெப்பத்தைத் தாங்கும் ஒரு சிறு மூலக்கூறாகத்தான் இருக்க வேண்டும்.

அதைப் பிரித்தெடுத்து நிறைமாலையில் ஆராய்ந்தபோது, செல்லில் உள்ள ஏடிபி, ஜிடிபி என்ற மூலக்கூறுகளிலிருந்து ஓர் அலகு வீதம் எடுத்து வளையமாக இணைத்த ‘சிகாம்ப்’ என்ற மூலக்கூறு வெளிப்பட்டது. இதைப் போன்ற வளைய மூலக்கூறுகள் பாக்டீரியாவில் உண்டு என்பது தெரியும். விலங்குச் செல் தானே இதைச் செய்துகொள்கிறது என்பது அதுவரை யாரும் அறியாதது. அதைச் செய்யும் நொதியையும் அதே குழு தேடிப் பிடித்து ‘சிகாஸ்’ என்று பெயரிட்டது. லிஜுன் சன், ஜியாஷி வூ ஆகியோரை முதல் ஆசிரியர்களாகக் கொண்ட இரு கட்டுரைகள் 2013இல் சயன்ஸ் இதழில் அடுத்தடுத்து அச்சாயின. இக்கண்டுபிடிப்புக்காக சென்னுக்கு 2024இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

மனித சிகாஸ் 522 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். டிஎன்ஏவின் எழுத்து வரிசையை அது படிப்பதில்லை. இரட்டைச் சுருளின் முதுகெலும்பான சர்க்கரை–பாஸ்பேட் சட்டத்தைப் பற்றிக்கொள்கிறது. டிஎன்ஏவுக்கு மனிதன், எலி, வைரஸ் என்ற வேறுபாடு இந்தப் பிடியில் இல்லை. இரண்டு சிகாஸ்கள் இரண்டு டிஎன்ஏ இழைகளைப் பற்றி ஏணிபோல் அடுக்கடுக்காகக் கூடும்போது நொதி வேலை செய்கிறது. அதனால் குட்டைத் துண்டுகளைவிட நீண்ட துண்டுகளே அதை வலுவாகத் தூண்டுகின்றன. உருவான சிகாம்ப், எண்டோபிளாச வலையில் அமர்ந்திருக்கும் ஸ்டிங்கில் போய்ப் பொருந்துகிறது. ஸ்டிங் வடிவம் மாறி, கோல்கி என்ற செல் உறுப்பை நோக்கி நகர்கிறது. டிபிகே1 என்ற நொதியைத் தன்னருகே சேர்த்துக்கொள்கிறது. அது ஐஆர்எஃப்3 என்ற புரதத்தை முடுக்கி உட்கருவுக்குள் அனுப்புகிறது. இன்டர்ஃபெரான் மரபணு திறக்கிறது.

சிகாஸின் மூதாதைகள் பாக்டீரியாவிலும் இருக்கின்றன. தம்மைத் தாக்கும் வைரஸ்களை எதிர்க்கப் பாக்டீரியாக்கள் இதே வகை நொதியைப் பயன்படுத்துவதை 2019இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் ரோட்டம் சோரெக்கின் குழு காட்டியது. அடுத்த ஆண்டே பாக்டீரியாவில் ஸ்டிங்கும் இருப்பது தெரியவந்தது. டி செல், எதிர்ப்பொருள் எல்லாம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உயிர்கள் கைக்கொண்ட தற்காப்பு இது.

கிழிந்த நுண்கரு

புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏ எப்படி வெளியே வருகிறது? அதன் அவசரப் பெருக்கமே காரணம். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் சரியாகப் பங்கிடப்பட வேண்டும். உடைந்த துண்டோ பின்தங்கிய முழுக் குரோமோசோமோ எந்தப் பக்கமும் சேராமல் நின்றுவிட்டால், அதைச் சுற்றித் தனியே ஒரு சவ்வு உருவாகிறது. உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு உருண்டையாக, நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும் நுண்கரு அது. அதன் சவ்வு வலுவற்றது, எளிதில் கிழியும்.

2017இல் நேச்சர் இதழில் ஒரே சமயத்தில் வெளிவந்த இரு ஆய்வுகள், எடின்பரோவில் ஆண்ட்ரூ ஜாக்சனின் குழுவும் பென்சில்வேனியாவில் ரோஜர் கிரீன்பெர்கின் குழுவும் செய்தவை. உயிருள்ள செல்லைத் தொடர்ந்து படம்பிடித்தபோது, நுண்கருவின் சவ்வு கிழிந்ததும் ஒளிரும்படி குறியிடப்பட்ட சிகாஸ் அங்கே விரைந்து குவிவதைக் காண முடிந்தது. கதிர்வீச்சுக்குப் பின் எதிர்ப்பு வினை உடனே எழாமல் சில நாள் கழித்து ஏன் எழுகிறது என்பதற்கும் இதில் விளக்கம் கிடைத்தது. சேதமான டிஎன்ஏவுடன் செல் ஒருமுறையாவது பிரிய வேண்டும். அப்போதுதான் நுண்கரு பிறக்கிறது.

உட்கருவிலும் சிகாஸ் இருக்கிறதே, அங்குள்ள 2 மீட்டர் டிஎன்ஏவைப் பார்த்து அது ஏன் பதறுவதில்லை? உட்கரு டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றப்பட்டு நியூக்ளியோசோம்களாக இருக்கிறது. அவற்றின் ஒரு பரப்பில் சிகாஸ் இறுக ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகிறது. 2020இல் பல குழுக்கள் இதன் வடிவமைப்பை அணு அளவில் காட்டின. நுண்கருவின் டிஎன்ஏவும் ஹிஸ்டோனில் சுற்றப்பட்டதே என்பதால், அங்கே குவியும் சிகாஸ் எவ்வளவு தூரம் முடுக்கப்படுகிறது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் டிஎன்ஏவும், இறந்த செல்களின் டிஎன்ஏவும் சிகாஸைத் தூண்டும் மற்ற வழிகள்.

கட்டியிலிருந்து டி செல்லுக்கு

ஒரு செல்லுக்குள் எழும் இந்த எதிர்வினை உடல் முழுவதற்குமான எதிர்ப்பாக மாறுவது எப்படி? சிகாகோ குழு 2014இல் இம்யூனிட்டி இதழில் வெளியிட்ட ஆய்வு, வாய்ப்புள்ள வழிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தது. டிஎல்ஆர் வகை ஏற்பிகளின் பாதை இல்லாத எலிகளுக்கு மெலனோமாவைக் கொடுத்தார்கள். டி செல்கள் வழக்கம்போல் எழுந்தன. ஆர்என்ஏவை உணரும் பாதை இல்லாத எலிகளிலும் அப்படியே. ஸ்டிங் இல்லாத எலிகளில் மட்டும் டி செல் எதிர்ப்பு சரிந்தது. கட்டியில் இறக்கும் செல்களின் டிஎன்ஏ டென்ட்ரிட்டிக் செல்களுக்குள் போய்ச் சேர்வதையும் அவர்கள் கண்டார்கள். அங்கே ஸ்டிங் முடுக்கப்பட்டு, இன்டர்ஃபெரான் சுரந்து, அந்தச் செல் நிணநீர் முடிச்சுக்குச் சென்று டி செல்களுக்குப் பயிற்சி தருகிறது. கிருமியற்ற கட்டியில் ஆபத்துச் செய்தி பிறந்த வழி இப்படித் தெளிவானது.

சிகாம்ப் தானும் பயணம் செய்யக்கூடியது. ஒட்டியிருக்கும் செல்களுக்கு இடைவழிகளின் மூலம் கடந்து போகும். செல்லுக்கு வெளியே கசிந்து அண்டையிலுள்ள எதிர்ப்புச் செல்களையும் சேரும். வெளியே வந்த சிகாம்பைச் சிதைக்கும் ‘ஈஎன்பிபி1’ என்ற நொதியை 2014இல் லிங்யின் லி அடையாளம் கண்டார். அந்த நொதியை மட்டும் தடுத்துவிட்டால், கட்டி தானாகக் கசியவிடும் சிகாம்பே போதுமான செய்தியாக இருக்கும் என்ற எண்ணத்தில் மருந்துகள் உருவாக்கப்பட்டு வருகின்றன.

இன்று புற்றுநோய் மருத்துவத்தின் முன்னணியில் இருப்பவை டி செல்களின் தடைகளை நீக்கும் மருந்துகள். அவற்றுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்துகளும் சிகாஸைச் சார்ந்திருக்கின்றன. 2017இல் சென்னின் குழு, சிகாஸ் இல்லாத எலிகளுக்கு மெலனோமாவைக் கொடுத்து, அவ்வகை மருந்துகளுள் ஒன்றான பிடி-எல்1 தடுப்பு மருந்தைச் செலுத்தியது. பயனில்லை. சாதாரண எலிகளில் அதே மருந்துடன் சிகாம்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியே கொடுத்ததைவிட நல்ல பலன் கிடைத்தது. தடையை நீக்கினால் போதாது. முதலில் டி செல்லை எழுப்பிய செய்தி ஒன்று இருந்திருக்க வேண்டும்.

கதிர்வீச்சின் அளவு

இந்த அறிவு பழைய சிகிச்சைகளையும் புதிதாகப் பார்க்க வைக்கிறது. கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏவை உடைத்து அதைக் கொல்கிறது என்றே நெடுங்காலம் கருதினோம். ஓரிடத்துக் கட்டிக்குக் கதிர் கொடுக்க, கதிர் படாத வேறிடத்துக் கட்டியும் சுருங்கும் அரிய நிகழ்வுக்கு 1953இல் ஆர்.எச். மோல் பெயரிட்டார், காரணம் புரியவில்லை. 2014இல் சிகாகோவில் யாங்-சின் ஃபூ, ரால்ஃப் வைக்செல்பாம் ஆகியோரின் குழு, ஸ்டிங் இல்லாத எலிகளில் கதிர்வீச்சின் பலன் பெரிதும் குறைவதைக் காட்டியது. கதிர் செல்லைக் கொல்வதோடு, எதிர்ப்பு மண்டலத்தையும் வரவழைக்கிறது.

கூடுதல் கதிர் கூடுதல் எதிர்ப்பைத் தரும் என்று எண்ணத் தோன்றும். நியூயார்க்கில் சாண்ட்ரா டெமாரியாவின் குழு 2017இல் காட்டியது வேறு. எலிகளின் மார்பகப் புற்றுநோய்க்கு 8 கிரே (கதிரளவின் அலகு) வீதம் மூன்று முறை கொடுத்து, டி செல் தடைநீக்கி மருந்தையும் சேர்த்தபோது தொலைவிலிருந்த கட்டிகளும் சுருங்கின. ஒரே முறையில் 20 கிரே கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. காரணத்தைத் தேடினால் ‘ட்ரெக்ஸ்1’ என்ற நொதி தென்பட்டது. சைட்டோபிளாசத்தில் சிதறும் டிஎன்ஏவைத் தின்று துப்புரவு செய்வது அதன் வேலை. ஒருமுறை தரும் கதிர் ஏறத்தாழ 12 முதல் 18 கிரே வரம்பைத் தாண்டியதும் செல் ட்ரெக்ஸ்1ஐ அதிகமாக உருவாக்குகிறது. சிகாஸ் பார்ப்பதற்குள் தடயம் அழிந்துவிடுகிறது. இது எலிகளில் கிடைத்த முடிவு; வரம்பும் கட்டிக்குக் கட்டி மாறும். ஆனாலும் கதிரின் அளவை முடிவுசெய்யும்போது எத்தனை செல் சாகும் என்பதோடு எவ்வளவு டிஎன்ஏ மிஞ்சும் என்பதையும் எண்ண வேண்டும் என்ற சிந்தனை இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

புற்றுநோயின் மறுமொழி

இவ்வளவு நுட்பமான காவல் இருந்தும் புற்றுநோய் ஏன் வெல்கிறது? முதல் காரணம், அது பாதையையே அடைத்துவிடுகிறது. பல பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களிலும் மெலனோமாச் செல்களிலும் சிகாஸோ ஸ்டிங்கோ மௌனமாக்கப்பட்டிருப்பதை பார்பரின் குழு 2016இல் காட்டியது. மரபணு இருக்கும், அதன் மேல் வேதிக் குறிகளை ஏற்றி அது வெளிப்படாமல் செய்துவிடும்.

இரண்டாம் காரணம் இன்னும் கவலைக்குரியது. 2018இல் சாமுவேல் பாகூம், லூயிஸ் கேன்ட்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், குரோமோசோம்கள் ஓயாமல் குழம்பும் புற்றுநோய்ச் செல்கள் இந்தப் பாதையை மூடாமல், வேறு திசையில் திருப்பிக்கொள்வது தெரிந்தது. டிஎன்ஏ தொடர்ந்து கசிந்து ஸ்டிங் இடைவிடாமல் முடுக்கப்பட்டிருந்தால், இன்டர்ஃபெரான் வழி மங்கி, என்எஃப்-கப்பா-பி என்ற வேறொரு வழி திறக்கிறது. அது செல்லுக்கு இடம்பெயரும் திறனைத் தருகிறது. நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுகிறது. குறுகிய காலத்துக்குக் காவலாக இருந்த அதே செய்தி, நெடுங்காலம் நீடித்தால் நோய்க்குத் துணையாகிறது.

மருந்தாக்கும் முயற்சி

இந்தப் பாதையைத் தூண்டிய முதல் மருந்து, அது தெரியாமலேயே பிறந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான டிஎம்எக்ஸ்ஏஏ எலிகளின் கட்டிகளை வியக்கத்தக்க வகையில் அழித்தது. நுரையீரல் புற்றுநோய் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் அது பலனின்றிப் போனது. காரணம் 2013இல் தெரிந்தது: அம்மருந்து எலியின் ஸ்டிங்கில் பொருந்தும், மனிதனின் ஸ்டிங்கில் பொருந்தாது. மனித ஸ்டிங்கில் குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் மருந்து வேலை செய்யத் தொடங்கும் என்பதும் அடுத்து நிறுவப்பட்டது. நோயாளிகளிடம் போவதற்கு முன்பே மருந்தின் இலக்கு தெரிந்திருந்தால் அத்தனை பேரின் நம்பிக்கையும் காலமும் வீணாகியிருக்காது.

அடுத்து வந்தவை மனித ஸ்டிங்குக்கென்றே வடிவமைத்த, சிகாம்பை ஒத்த மூலக்கூறுகள். விரைவில் சிதைவதால் அவற்றைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார்கள். எலிகளில் கிடைத்த வெற்றி மனிதர்களிடம் கிட்டவில்லை. சிலரிடம் மட்டுமே கட்டி சுருங்கியது. ஒரு காரணம் இப்போது புரிகிறது: ஸ்டிங் மிகையாகத் தூண்டப்பட்டால் டி செல்லே மடிந்துபோகிறது. எழுப்ப வேண்டிய செல்லையே மருந்து கொன்றுவிடக்கூடும். வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. பிஆர்சிஏ மரபணுக் குறை உள்ள புற்றுநோய்களுக்குத் தரப்படும் பார்ப் தடுப்பு மருந்துகள், டிஎன்ஏவைப் பழுதுபார்க்கவிடாமல் செய்வதோடு ஸ்டிங் வழியாக எதிர்ப்பையும் எழுப்புவதை எலி ஆய்வுகள் காட்டியுள்ளன.

அளவு மீறினால்

இந்தப் பாதை ஓயாமல் எரிந்தால் என்ன ஆகும் என்பதை இயற்கையே காட்டியிருக்கிறது. 1984இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ழான் எக்கார்டியும் பிரான்சுவாஸ் கூட்டியேரும் ஒரு கைக்குழந்தை நோயை விவரித்தார்கள். கருவிலேயே வைரஸ் தொற்றியதுபோல் மூளை சேதமாகிறது. தேடினால் வைரஸ் இல்லை. 2006இல் காரணம் ஒன்று கிடைத்தது: ட்ரெக்ஸ்1 மரபணுவில் பழுது. துப்புரவு நடக்காததால் குழந்தையின் சொந்த டிஎன்ஏவே சிகாஸைத் தூண்டிக்கொண்டிருக்கிறது. 2014இல் விவரிக்கப்பட்ட ‘சாவி’ என்ற இன்னொரு நோயில் ஸ்டிங்கே பழுதுபட்டு, தூண்டுதல் இல்லாமலும் இயங்குகிறது. குழந்தைகளின் விரல்நுனி, காது, மூக்கு ஆகிய இடங்களில் தோல் அழுகுகிறது, நுரையீரல் கெடுகிறது.

நோய் எதிர்ப்பைக் கூட்டுவது எப்போதும் நன்மை என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புற்றுநோயை எதிர்க்கத் தேவைப்படுவது சரியான செல்லில், சரியான நேரத்தில், சரியான அளவில் எழுந்து அடங்கும் எதிர்ப்பு. சிகாஸ்–ஸ்டிங் ஆய்வின் இதுவரையிலான வரலாறு, அதன் வெற்றிகளும் தோல்விகளும் சேர்ந்து, இந்த ஒரு முடிவையே திரும்பத் திரும்ப உறுதி செய்கிறது. கட்டிக்கு எவ்வளவு தூண்டுதல் கொடுக்கலாம் என்ற கேள்வியிலிருந்து, எந்த நோயாளியின் கட்டியில் இந்தப் பாதை இன்னும் திறந்திருக்கிறது என்ற கேள்விக்கு ஆய்வு நகர வேண்டும். அதைச் சோதித்தறியாமல் தரப்படும் மருந்து இன்னொரு டிஎம்எக்ஸ்ஏஏ ஆகிவிடும்.

வாசகர்களுக்கு ஒரு சொல். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிப் புற்றுநோயை ஓட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. மருத்துவமனையில் பெறும் கதிர்வீச்சும் சில மருந்துகளும் புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏவை இடம்மாற்றி, உடலின் எதிர்ப்பை எழுப்பக்கூடியவை என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்தப் பொடிகளுக்கு அப்படி ஒரு சான்றும் இல்லை.